மன்னரை வார்த்த செம்பு

ஒரகடம் வட்டாரத்தில் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் பல உள்ளன. அங்கு உருவாகும் வண்டியில் ஓர் உறுப்பு பழுதுற்றால், அதே அளவில் மற்றொன்றைப் பொருத்திவிடலாம். ஓர் அச்சில் வார்த்தவை ஆயிரமாயினும் ஒன்றுபோலவே இருக்கும். அதுவே அத்தொழிலின் வலிமை. நம் பழஞ்சிற்பியரின் வார்ப்பு முறையோ இதற்கு நேர்மாறானது.

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவத்தைச் சமைப்பர். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி நிழலில் உலர்த்துவர். பின்னர்ச் சூடேற்ற, மெழுகு உருகி வழிந்துவிடும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்கூட்டை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று! ஆகவே ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. சுவாமிமலை ஸ்தபதியர் இன்றும் இம்முறையைக் கைக்கொள்கின்றனர்.

தெய்வங்களை மட்டுமன்றி மன்னரையும் இவ்வாறு வார்த்தனர். தஞ்சைப் பெரிய கோயிலை நிருவகித்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான், முதலாம் இராசராசனுக்கும் அவன் தேவி உலோகமாதேவிக்கும் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவித்தான். இராசராசனது 29ஆம் ஆட்சியாண்டு வரை, அஃதாவது ஏறத்தாழ 1014 வரை, அவன் அளித்தவற்றைக் கல்வெட்டொன்று கூறுகிறது. அதில் எனக்கு வியப்பளிப்பது புகழ்மொழியன்று, அளவே. உருவம் கனமாக வார்த்ததா, உள்ளே பொள்ளலானதா என்பதையும், அதன் உயரத்தையும் அக்காலக் கணக்கர் எழுதிவைத்தனர். முழம், விரல், அதனினும் நுண்ணிய தோரை ஆகியவை அவர்தம் அளவைகள்.

அக்கணக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பின்னர்ப் பயன்பட்டது. கோயிலிலிருந்து நெடுநாள் முன்பே மறைந்தவை என்று கருதப்பெற்ற அவ்விரு உருவங்களையும் தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் 2018இல் அகமதாபாத்துக் காட்சிச்சாலை ஒன்றிலிருந்து மீட்டுத் தஞ்சைக்குக் கொணர்ந்தனர். மன்னன் உருவம் சுமார் 74 சென்டிமீட்டர். தேவியின் உருவம் சுமார் 53 சென்டிமீட்டர்.

இவைதாம் அவை என்பதில் அறிஞர் அனைவரும் ஒருமனத்தர் அல்லர். உருவ அமைதியை நோக்கி ஐயுற்றோர் உண்டு. எனினும், பெயர் பொறிக்காத செப்புருவத்திற்கு அளவினும் சிறந்த அடையாளம் அரிது. அதனை ஒப்பிடுவதும் எளிதன்று. கல்வெட்டு பாதம் முதல் தலைமயிர் வரையே உயரம் கூறுகிறது. பீடத்தின் அளவைத் தனியே குறிக்கிறது. எனவே அளவுகோலை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும்.