யாரைப் பார்த்துச் சிரிக்கணும்?



கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை எல்லாருக்கும் தெரியும். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவரும் டி.ஏ.மதுரமும் பாடும் ஒரு பாட்டில், பட்டனைத் தட்டினால் இட்லியும் காப்பியும் பக்கத்தில் வரணும்னு ஆசைப்படுவாங்க. இன்றைக்கு செல்போன்ல பட்டனைத் தட்டினா இட்லி வருதோ இல்லையோ, பேங்க்ல இருக்கிற பணம் போயிடுது!

நம் உறுப்பினர் ஒருவருக்கு, "லோன் வந்திருக்கு, ஓ.டி.பி. நம்பர் சொல்லுங்க" என்று போன் வந்தது. சொல்லிவிட்டார். குழுக் கடன் கட்ட வைத்திருந்த பணம் போயிடுச்சு. நாலு நாள் வாயே திறக்கல. ஏம்மான்னு கேட்டேன். "குழுவுல சிரிப்பாங்க மேடம்" என்றார்.

கலைவாணர் சிரிக்க வைத்தது, நம்மைச் சிந்திக்க வைக்கத்தான். ஏமாந்தவரைப் பார்த்து நாம் சிரித்தால், அடுத்தவர் மறைப்பார். பணம் போனால் உடனே 1930 எண்ணுக்கு போன் செய்யணும். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு. அந்த நாலு நாளும் திருடனுக்குத்தான் லாபம்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடித்ததும், யாருக்கு என்ன போன் வந்ததுன்னு ஆளுக்கொன்று சொல்லுங்க. நல்லா சிரிப்போம், போன் பண்ணினவனை நினைச்சு!