விழாவுக்கு டிஜே அனுப்பும் தொழில்

குறித்த நாளில், குறித்த நேரத்தில், அந்தக் கூட்டத்துக்கு ஏற்ற கலைஞர் மேடையில் நிற்பார் என்ற உறுதியை விற்பதுதான் டிஜே முகமையின் தொழில். பாட்டு எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. ஒலிபெருக்கி எந்த ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. திருமண வீட்டாரோ, ஓட்டல் மேலாளரோ, நிறுவன விழாவை நடத்துபவரோ முகமைக்குப் பணம் கொடுப்பது இந்த உறுதிக்காகவே. இதைத் தர முடியாதவர் எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கி வைத்திருந்தாலும் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டார்.

கலைஞரை ஏற்பாடு செய்து அனுப்பும் இந்த வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. நாதஸ்வரக்காரருக்குத் தாம்பூலத்தில் அச்சாரம் வைத்து நாள் குறிப்பது பழைய வழக்கம். தென் மாவட்டக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் இன்னும் நெருக்கமான முன்னோடி. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசப்படுகிறார்கள். பலர் அன்று இரவுதான் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த நாடகம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் மேடை குலையாமல் நிற்கிறது. இவர்களைப் பொருத்திச் சேர்ப்பவர் நாடக ஏஜென்ட். எந்த ஊர்க் கூட்டத்துக்கு எந்த பபூன் எடுபடுவார், எந்த ராஜபார்ட்டோடு எந்த ஸ்திரீபார்ட் சரியாகச் சேருவார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிஜே முகமைக்கு வேண்டியதும் அதே அறிவுதான்.

டிஜே கலையின் வரலாற்றிலும் ஏற்பாட்டாளரின் இடம் பெரியது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. ஹிப் ஹாப் பிறந்த இரவாக அது இன்று கொண்டாடப்படுகிறது. இசைத்தட்டுகளை இயக்கியவர் ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்பல், அதாவது டிஜே கூல் ஹெர்க். விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி. பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காகக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார், சின்ன அட்டைகளில் அழைப்பு எழுதினார், பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம் வைத்தார். கூடம், அழைப்பு, கட்டணம், கலைஞர் ஆகிய நான்கையும் ஒரு கையில் பிடித்த அந்தப் பெண்ணை இந்தத் தொழிலின் முன்னோடி என்று தயங்காமல் சொல்லலாம்.

முகமை நடத்துபவர் தாமே டிஜேயாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கலையை எடைபோடத் தெரியாமல் முகமை தொடங்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குத் தாளம் அறுபடாமல் கடப்பது அதன் அடிப்படை. 1972இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலியில், தட்டைச் சுழற்றும் மோட்டார் பெல்ட் இல்லாமல் நேராகவே பொருத்தப்பட்டிருந்தது. தட்டைக் கையால் நிறுத்திப் பிறகு விட்டால் உடனே பழைய வேகத்தைப் பிடித்துவிடும். 1979இல் வந்த அதன் அடுத்த வடிவத்தில் பாட்டின் வேகத்தை 8 சதவீதம் கூட்டவோ குறைக்கவோ நீளவாக்கில் நகரும் ஒரு குமிழ் சேர்ந்தது. காதில் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டே அரங்கில் ஓடும் இன்னொன்றோடு அதை இணைக்கும் திறமை இப்படி வளர்ந்தது. இன்றைய டிஜே கன்ட்ரோலர்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் கருவியே வேகத்தைச் சமன் செய்துவிடும். ஆகவே இன்று ஒரு டிஜேயை மதிப்பிடும் அளவுகோல் தேர்வுதான்: அடுத்து எந்தப் பாட்டு, அதை எந்த நொடியில் விடுவது.

தமிழ்ப் பாட்டுகளை இணைப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. உலகெங்கும் நடன அரங்குகளில் ஒலிக்கும் ஹவுஸ் இசை நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 130 அடி வரை, நான்கு நான்காக, சதுஸ்ர நடையில் செல்வது. நம் டப்பாங்குத்துப் பாட்டுகளில் பெரும்பாலானவை திஸ்ர நடையில் மும்மூன்றாகத் துள்ளுகின்றன. பொத்தான் வேகத்தைச் சமமாக்கும், நடையை மாற்றாது. வேகம் ஒன்றாக இருந்தும் இரண்டு பாட்டும் மோதி, ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். அந்த இடத்தில் வெறும் பறையொலியையோ, கைதட்டலையோ, மணமக்களை அழைக்கும் ஒரு குரலையோ இடையில் வைத்து நடையை மாற்றுகிறவர் தேர்ந்தவர். கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு கடவையைக் கவனித்தாலே போதும், பாதி விவரம் தெரிந்துவிடும்.

கலைஞரை எங்கே பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. வீட்டில் அமர்ந்து பதிவு செய்து அனுப்பிய ஒரு மணி நேரத் தொகுப்பை நம்பக் கூடாது. அதில் கூட்டம் இல்லை. உண்மையான ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில், ஆடுகளம் காலியாகும் ஐந்து நிமிடத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். பதறி, கூடத்தை அதிர வைக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டுகிறாரா, கூட்டத்தின் வயதைப் பார்த்துப் பாட்டை மாற்றுகிறாரா? 1994இல் ‘காதலன்’ படம் வந்தபோது இருபது வயதில் ஆடியவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களை எழுப்பப் பிரபுதேவா ஆடிய பாட்டு வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அனிருத் வேண்டும். இருவருக்கும் மூத்தவர்கள் இளையராஜாவின் ஒரு பாட்டு வந்ததும் நாற்காலியிலிருந்தே தலையாட்டுவார்கள். மூன்று தலைமுறையையும் ஒரே மணி நேரத்துக்குள் களத்துக்கு இழுப்பவர் எந்த முகமைக்கும் சொத்து.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலின் பெரும்பகுதி திருமண வரவேற்பைச் சார்ந்தது. அங்கே நேரம் எப்படிச் செலவாகிறது என்று அறியாமல் விலை பேசக் கூடாது. ஆறு மணிக்கு வரவேற்பு என்று அழைப்பிதழில் இருக்கும். மணமக்கள் மேடை ஏற ஏழரை ஆகலாம். பிறகு பரிசுப் பொருளோடு நீளும் வரிசை, படம் எடுத்தல், பந்தி. இந்த நேரத்தில் உரத்த பாட்டு தொல்லைதான். பேசிக்கொள்பவர்களின் குரலுக்குக் கீழே ஓடும் மெல்லிசையே சரி. பெரியவர்கள் சாப்பிட்டு விடைபெற்ற பிறகு, ஒன்பதை ஒட்டித்தான் நண்பர்கள் கூட்டம் களத்துக்கு வரும். பத்து மணிக்கு நிறுத்த வேண்டும். ஆக, நான்கு மணி நேரம் என்று பேசிய நிகழ்ச்சியில் ஆட்டம் நடப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணிக்காக மற்ற மூன்று மணியும் பொறுமை காக்கத் தெரிந்தவரைத்தான் திருமணத்துக்கு அனுப்ப வேண்டும். கல்லூரி விழாவில் கொடிகட்டிப் பறப்பவர் இங்கே தோற்பதுண்டு.

ஓட்டல் அரங்குகளின் தேவை வேறு. அவை வாரம் ஒரே கிழமையில் ஒரே கலைஞரை மாதக்கணக்கில் கேட்கும். தொகை குறைவு, ஆனால் திருமணம் இல்லாத மாதங்களில் அந்த வருமானமே அலுவலக வாடகையைக் கட்டும். ஆடியில் முகூர்த்தம் இல்லை. புரட்டாசியில் பலர் தவிர்க்கிறார்கள். மார்கழியிலும் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸும் புத்தாண்டு இரவும் மார்கழிக்குள்தான் வருகின்றன. தையில் தொடங்கி முகூர்த்த நாட்கள் நெருக்கமாக வரும்போது ஒரே நாளில் பத்துப் பேர் கேட்பார்கள். பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கு போடாத முகமை ஆடியில் கடன் வாங்கும். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது திருமணங்களுக்கு 50 பேர் என்ற வரம்பு வந்ததும் இந்தத் தொழில் அடியோடு நின்றது. சில மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்திருப்பது கட்டாயம் என்று அந்த ஆண்டு கற்பித்தது.

பணம் ஈட்டும் முறை இரண்டு. கலைஞரின் தொகையில் ஒரு பங்கைக் கழிவாக எடுப்பது ஒன்று. கலைஞர், ஒலி, ஒளி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் ஒரே விலை பேசுவது மற்றொன்று. உலகெங்கும் கலைஞர் முகவர்கள் 10 முதல் 20 சதவீதம் வரை எடுப்பது வழக்கம். எந்த முறையானாலும் வாடிக்கையாளர் கொடுத்தது எவ்வளவு, கலைஞருக்குப் போவது எவ்வளவு என்பது கலைஞருக்குத் தெரிந்திருப்பதே நல்லது. மறைத்தால் ஒருநாள் வெளிப்படும். அன்றிலிருந்து அவர் முகமையைத் தாண்டி நேராகப் பேசத் தொடங்குவார். ஒப்பந்தத்தில் அபராதம் எழுதி இதைத் தடுக்க முயல்கிறவர்கள் உண்டு. நிகழ்ச்சி முடிந்த இரவே கூலியைக் கொடுப்பது அதைவிட வலுவான கட்டு.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும், எழுத்தில் இருக்க வேண்டும். கருவி வந்து இறங்கும் நேரம், பாட்டு தொடங்கும் நேரம், முடியும் நேரம், கூடுதல் மணிக்குத் தொகை, முன்பணம், ரத்தானால் திருப்புவது எவ்வளவு, மின்சாரம் யார் பொறுப்பு, கலைஞருக்குச் சாப்பாடு. கட்டாயம் வேண்டிய பாட்டுகளையும், வேண்டவே வேண்டாத பாட்டுகளையும் வீட்டார் எழுதித் தர வேண்டும். சாதிப் பெருமை பேசும் பாட்டைப் போடச் சொல்லிக் கூட்டத்திலிருந்து யாராவது மேடைக்கு வருவார்கள். அந்த நேரத்தில் தனியாக நிற்கும் கலைஞருக்குத் துணையாக இருப்பது அந்தக் காகிதம். மின்சாரம் யார் பொறுப்பாக இருந்தாலும், மின் இணைப்பில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒலியாளர் சோதிக்காமல் எதையும் இயக்கக் கூடாது. மழைக்காலத் திறந்தவெளி மேடைகளில் இது உயிர்ப் பிரச்சினை.

பெண் டிஜேக்களை அனுப்பும்போது பொறுப்பு கூடுகிறது. பூட்டுள்ள உடைமாற்றும் அறை, மேடையருகே முகமையின் ஆள், நள்ளிரவில் வீட்டு வாசல் வரை வண்டி. இவற்றைச் சலுகையாக நினைக்கும் முகமை இந்தத் தொழிலுக்குத் தகுதியற்றது.

சட்டம் மூன்று பக்கமிருந்து வருகிறது. முதலாவது பதிப்புரிமை. பதிவு செய்த பாட்டை ஓட்டல், மதுக்கூடம், நிறுவன விழா, புத்தாண்டுக் கொண்டாட்டம் போன்றவற்றில் இசைக்க உரிமம் வேண்டும். ஒலிப்பதிவின் உரிமைக்குப் பிபிஎல், நோவெக்ஸ் போன்ற அமைப்புகளும், இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைக்கு ஐபிஆர்எஸ்ஸும் கட்டணம் பெறுகின்றன. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சமயச் சடங்குகளுக்கு விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலத்தையும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களையும் அந்த விலக்குக்குள் சேர்க்கிறது. மத்திய அரசு 2023 ஜூலையில் ஒரு பொது அறிவிப்பில் இதை மீண்டும் நினைவூட்டியது. விலக்கின் எல்லை எதுவரை என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன. எனவே உரிமம் யார் எடுப்பது என்பதை முன்பே எழுதிக்கொள்வது நல்லது.

இரண்டாவது ஒலி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் பயன்படுத்தக் கூடாது. பண்டிகை நாட்களில் நள்ளிரவு வரை நீட்டிக்க மாநில அரசு அனுமதிக்கலாம், அதுவும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேல் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. சிறிதாகத் தோன்றும் எண் காதுக்குச் சிறிதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலை, அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. வாரத்துக்கு நான்கு இரவு மேடையில் நிற்பவரின் காது அவருடைய பிழைப்பு. அவருக்கு நல்ல காதடைப்பான் வாங்கித் தருவது முகமையின் செலவுக் கணக்கில் இருக்க வேண்டும்.

மூன்றாவது வரி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நிறுவனங்கள் பெரும்பாலும் பதிவுள்ள முகமைக்கே வேலை தருகின்றன. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, அதைத் தொடக்கத்திலேயே செய்துகொள்ளலாம்.

எத்தனை கலைஞர்களோடு தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, ஐந்தாறு பேர் போதும் என்பதே பதில். ஐம்பது பெயர் கொண்ட பட்டியலில் பாதிப்பேரின் நிகழ்ச்சியை முகமைக்காரர் பார்த்திருக்க மாட்டார். ஐந்து பேர் இருந்தால் ஒரே இரவில் நான்கு நிகழ்ச்சிக்கு மேல் ஒப்புக்கொள்ளக் கூடாது. டிசம்பர் 31 அன்று எவ்வளவு தொகை சொல்லி ஐந்தாவது அழைப்பு வந்தாலும், அந்த ஐந்தாவது கலைஞர், பாட்டுத் தொகுப்பும் கன்ட்ரோலரும் தயாராக வைத்துக்கொண்டு, முகமையின் செலவில் வீட்டில் காத்திருக்க வேண்டும். நான்கு இடங்களில் எங்காவது ஒருவருக்குக் காய்ச்சல் என்று மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசி வந்தால், புறப்பட ஓர் ஆள் இருக்கிறார்.