மட்டிக்குள் மறைந்த வைரஸ்



1988 ஜனவரி. சீனாவின் ஷாங்காய் நகரத்து ஆஸ்பத்திரிகளில் திடீரென்று மஞ்சள் காமாலைக் கூட்டம். படுக்கை போதாமல் பள்ளிக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் கட்டில் போட்டார்கள். ஓரிரு மாதத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ. காரணம், மட்டி! மட்டியின் மேல் வெந்நீரை ஊற்றி, ஓடு திறந்ததும் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். உள்ளே சதை பாதி பச்சைதான்.

மட்டி, சிப்பியெல்லாம் தண்ணீரை வடிகட்டித்தான் வயிறு வளர்க்கின்றன. சாக்கடை கலந்த கடல் என்றால் அதிலுள்ள வைரஸும் குடலில் சேர்ந்துவிடும். நல்ல தண்ணீரில் ஓரிரு நாள் போட்டு வைத்தால் பாக்டீரியா பெரும்பாலும் போய்விடும். வைரஸ் லேசில் போகாது. ஆகவே பாக்டீரியா சோதனையில் தேறிய மட்டியையும் நம்பிவிட முடியாது.

வைரஸை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஜீரணச் சுரப்பியை மட்டும் வெட்டி எடுத்து, நொதி சேர்த்துக் கரைத்து, ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். செய்கிறார்கள். கொரோனா காலத்தில் நமக்குச் செய்தார்களே, அதே வகைதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்பத்திலேயே தீங்கில்லாத மெங்கோ வைரஸை அளந்து கலந்துவிடுவார்கள். முடிவில் அது எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தால், வழியில் தொலைந்த கணக்கு தெரிந்துவிடும். கலப்படத்தாலும் நன்மை உண்டு, பாருங்கள்!

ஆனால், அகப்பட்ட வைரஸ் தொற்றக்கூடியதா, செயலிழந்ததா என்று பி.சி.ஆர். சொல்லாது. அதனால் சமைப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். உட்சதை 90 டிகிரி சூட்டில் ஒன்றரை நிமிடமாவது வேகட்டும்.