இன்னொரு பிரதி எங்கே?



இந்த நூலக வார விழாவில் ஆய்விதழ்கள் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 'அது நமக்கெதற்கு?' என்று பின்வரிசையில் சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து வந்திருக்கும் உங்களுக்குப் பக்கத்து அயப்பாக்கத்தில்தான் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. கொரோனா எத்தனை பேரைத் தொட்டிருக்கிறது என்று அறிய 2020இல் நாடு தழுவி ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தார்களே, அந்த ஆய்வில் முன்னால் நின்றது அந்த நிறுவனம். முதல் சுற்று முடிவுகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தன. 1913இல் தொடங்கிய இதழ். இன்று காசில்லாமல் யாரும் படிக்கலாம். மக்கள் தந்த ரத்தம், மக்கள் கட்டிய வரி. அதில் விளைந்த அறிவும் மக்களுக்குத் திறந்திருப்பதுதானே நியாயம்?

எல்லா இதழ்களும் அப்படியில்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அரசு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் கிடைக்கும். நல்லது. ஆனால் டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இன்னும் உலோகவியல் படிக்க ஆசைப்படும் ஆவடிக்காரருக்கு? அவருக்குக் கதவு மூடித்தான் இருக்கிறது. அதனால்தான் திறந்த அணுக்கம் வேண்டும் என்கிறோம்.

சரி, திறந்துவிட்டோம். போதுமா? 2000க்கும் 2019க்கும் இடையில், இலவசமாகப் படிக்கக் கிடைத்த 174 ஆய்விதழ்கள் இணையத்திலிருந்தே காணாமல் போனதாக 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இப்படிப் போக யாரும் தீ வைக்க வேண்டாம். நடத்தியவர் ஓய்வுபெறுவார், இணைய முகவரிக்குப் பணம் கட்ட மறப்பார்கள், சர்வர் அணையும். அவ்வளவுதான்.

தமிழனுக்கு இது புதுப் பாடமா? ஓலையைச் செல் தின்னும் என்று தெரிந்துதான் நம் முன்னோர் படியெடுத்தார்கள். மடத்தில் ஒன்று, புலவர் வீட்டில் ஒன்று, அடுத்த ஊரில் ஒன்று. அப்படிச் சிதறிக் கிடந்த பிரதிகளைத் தேடிச் சேர்த்து, ஒப்புநோக்கித்தான் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். இதே வேலையை இன்று இயந்திரம் செய்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'லாக்ஸ்' திட்டத்தில், பல நூலகங்கள் ஒரே இதழின் பிரதியை வைத்திருக்கும். அவற்றின் கணினிகள் தமக்குள் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்று சிதைந்தால் மற்றவற்றைக் கொண்டு சரிசெய்துகொள்ளும்.

மறுபிரதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணம் அறியும். 1981இல் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கி இலவசமாகத் தருகிறார்கள். தீயின் முன் வைக்கப்பட்ட பதில் அது!

நம் முகப்பேருக்கும் இதில் பங்குண்டு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா, பழைய நூல்களையும் இதழ்களையும் சேர்த்துக் குவித்தார். 1992இல் அவர் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. ஆனால் கடல் கடத்தவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகம் அமைந்தது. தரமணிக்குப் போகும் முன் அது இயங்கிய இடம் முகப்பேர். அங்கே உதிரும் தாள்கள் நுண்படமாயின.

கோப்பு இருந்தாலும் எழுத்து பிழைக்க வேண்டுமே! பாமினி, டாப் போன்ற பழைய எழுத்துமுறைகளில் தட்டச்சிட்ட கட்டுரையை இன்று திறந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குப்பைதான் தெரியும். யூனிகோடு எனும் ஒருங்குறிக்கு மாற்றாதவரை அது பூட்டிய பெட்டி. பக்கத்தைப் படமாக மட்டும் ஏற்றினாலும் குறைதான். பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளி மாணவர் திரைவாசிப்பானைத் திறந்தால், அந்தப் படம் வாய் திறக்காது. அவருக்கு அது திறந்த இதழா?

ஆகவே நண்பர்களே, நம் பகுதிக் கல்லூரிகள் இதழ் நடத்துகின்றன. நாளைக்கே ஆசிரியர் குழுவைச் சந்தித்து மூன்று கேள்வி கேளுங்கள். யாரும் படித்துப் பகிர உரிமம் தந்திருக்கிறீர்களா? எழுத்து ஒருங்குறியில் இருக்கிறதா? உங்கள் சர்வர் இன்றிரவு அணைந்தால் இன்னொரு பிரதி எங்கே?

பணமில்லை என்பார்கள். ஓஜேஎஸ் என்ற இலவச மென்பொருளில் நடக்கும் இதழ்களுக்கு, அதை உருவாக்கிய பிகேபி திட்டத்தின் காப்பு வலையமைப்பு கட்டணமே வாங்குவதில்லை. தேவை ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணும், பொறுப்பேற்க ஓர் ஆளும். அந்த ஆள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார் என்று நம்பி அமர்கிறேன்.