எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?



ஐப்பசி மழை தொடங்கினால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். ஆகவே, நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடுங்கால், கூலியற்ற மாதங்களிலும் படிப்பு தடைப்படாதிருக்க வழியுண்டா என்று பார்த்தல் வேண்டும்.

2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்குப் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால், அவ்விடங்கள் கலந்தாய்வின் வழியே கிடைப்பவை. தரகரை நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அவ்வுரிமையை இழப்போம், கடனும் மிஞ்சும்.

கலை, அறிவியல் பயில விழைவோருக்குத் திண்டிவனத்திலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது.

பாத்தியில் உப்பு விளையும்வரை காத்திருக்கும் நாம், முன்பணம் கட்டாமல், கலந்தாய்வு முடியும்வரையும் பொறுத்திருப்போமாக.