பூனைக்குச் சர்க்கரை நோய் கண்டால் வீட்டில் செய்ய வேண்டியவை
(வானொலி உரை)



பூனைக்குச் சர்க்கரை நோயா என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். கறவை மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் வைத்தியம் சொல்லும் இடத்தில் பூனைக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். விதை நெல் மூட்டையையும் நிலக்கடலைக் காயையும் எலியிடமிருந்து காத்துத் தருவது அதுதானே! எட்டுப் பத்து ஆண்டுகள் உங்கள் வீட்டுத் திண்ணையில் வளர்ந்த பூனை திடீரென்று இளைத்தால், "வயசாயிடுச்சு, இனி அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறீர்கள். அவ்விதம் கைவிடப்படும் பூனைகளில் சில, சர்க்கரை நோய் கண்டவை. முறையாகப் பார்த்தால் இன்னும் சில ஆண்டுகள் நலமாக இருக்கக்கூடியவை. அதிலும், நோய் கண்ட முதல் சில மாதங்களில் எடுக்கும் அக்கறை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், நோயை எப்படி அறிவது? பூனை இயல்பாகவே தண்ணீர் அதிகம் குடிக்காத பிராணி. அது தவலையடியிலும் மாட்டுத் தொட்டியிலும் அடிக்கடி போய் நக்கிக்கொண்டே இருந்தால் கவனியுங்கள். நான்கு கிலோ எடையுள்ள பூனை நாளொன்றுக்கு 200 மில்லிக்கு மேல் குடித்தால் அது நோய்க்குறி. காலையில் கிண்ணத்தில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மீதியை அளந்தால் தெரிந்துவிடும். சிறுநீரும் அதிகமாகப் போகும். பூனை ஒதுங்கும் சாம்பல் மேட்டிலோ மணலிலோ எறும்பு மொய்ப்பதைச் சில தாய்மார்கள் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகத் தின்றும் உடல் இளைக்கும், மயிர் பொலிவிழக்கும். சில பூனைகள் பின்னங்கால் குதி தரையில் படும்படி, முயல் உட்கார்ந்ததுபோலத் தாழ்ந்து நடக்கும். இது சர்க்கரையினால் நரம்பு கெடுவதால் வருவது. சர்க்கரை கட்டுப்பட்டால் சில மாதங்களில் பெரும்பாலும் தேறிவிடும். எனவே கால் ஊனமாகிவிட்டது என்று கைவிட வேண்டாம்.

நடுவயது தாண்டியவை, உடல் பருத்தவை, விதையடித்த கடுவன்கள் ஆகியவற்றில் இந்நோய் அதிகம். அதற்காக விதையடிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பருக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சொறி, வாய்ப்புண் முதலியவற்றுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்ட பூனைகளுக்கும் சர்க்கரை ஏறுவதுண்டு. முன்பு என்ன ஊசி போடப்பட்டது என்பதை டாக்டரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

கால்நடை மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு சங்கடம் உண்டு. கோணிப்பையில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, நாய்களுக்கு நடுவே உட்கார வைத்த பூனைக்குப் பயத்தாலேயே ரத்தச் சர்க்கரை 300 மில்லிகிராமுக்கு மேல்கூட ஏறிவிடும். ஆகவே ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு செய்வது சரியல்ல. வீட்டில் பிடித்த சிறுநீரைக் கொண்டுபோவது நல்லது. பூனை ஒதுங்கும் தட்டில் மணலுக்குப் பதிலாகக் கழுவி உலர்த்திய கூழாங்கற்களைப் பரப்பி வைத்தால் சிறுநீர் அடியில் தங்கும். ரத்தத்தில் 100 மில்லிக்குச் சுமார் 250 முதல் 290 மில்லிகிராம் வரை சர்க்கரை ஏறினால்தான் பூனையின் சிறுநீரில் இறங்கும். மனிதருக்கு இது 180 அளவிலேயே இறங்கிவிடுகிறது. இன்னும் ஐயம் இருந்தால், கடந்த ஓரிரு வாரச் சராசரியைக் காட்டும் ஃபுரக்டோஸமின் என்ற பரிசோதனையை டாக்டர் எழுதித் தருவார்.

சரி, நோய் உறுதியாகிவிட்டது. முதல் சில மாதங்கள் ஏன் முக்கியம்? ஒரு கிணற்றை எண்ணிப் பாருங்கள். பம்புசெட்டை இரவும் பகலும் ஓட்டினால் ஊற்று வற்றிப்போகிறது. சில நாள் நிறுத்தி வைத்தால் மீண்டும் ஊறுகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களும் அப்படித்தான். ரத்தத்தில் சர்க்கரை ஓயாமல் உயர்ந்திருந்தால் அவை களைத்துப் போகின்றன. வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்து, மாவுச்சத்தைக் குறைத்து, அவற்றுக்கு ஓய்வு தந்தால் பல பூனைகளில் அவை மீண்டும் சுரக்கத் தொடங்குகின்றன. சில வாரங்களிலோ மாதங்களிலோ ஊசியே தேவைப்படாத நிலை வருவதுண்டு. எல்லாப் பூனைக்கும் இது வாய்க்காது. ஆனால் காலம் தாழ்த்தத் தாழ்த்த, ஊற்று நிரந்தரமாகத் தூர்ந்துபோகிறது. நாய்க்கு வரும் சர்க்கரை நோயில் இந்த வாய்ப்பு மிக அரிது.

இனி ஊசி. பெரும்பாலான பூனைகளுக்கு 12 மணிக்கு ஒருமுறை, தொடக்கத்தில் வேளைக்கு ஒரு யூனிட் அளவில் டாக்டர் சொல்வார். ஒரு யூனிட் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுச் சிறு துளி. இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது.

நான் பார்த்த ஒரு பூனையின் கதையைச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பெரியவருக்கும் சர்க்கரை உண்டு. பல ஆண்டுகளாக ஊசி போட்டுக்கொள்பவர். பூனைக்கு எழுதிய மருந்து கிளார்ஜின் என்ற, மில்லிக்கு 100 யூனிட் கொண்ட இன்சுலின். அதற்குரிய சிரிஞ்சு மருந்துக் கடையில் அன்று இல்லை. வீட்டில் மாமனாருக்கு வாங்கி வைத்திருந்த சிகப்பு மூடி சிரிஞ்சில் அந்த அம்மாள் ஒரு கோடு அளவு எடுத்துப் போட்டுவிட்டார். "ஊசியெல்லாம் ஒண்ணுதானுங்களே டாக்டர், கோடு பாத்துத்தானே போட்டேன்" என்றார். கோடு பார்த்தது உண்மைதான். ஆனால் அந்தச் சிரிஞ்சு மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு உரியது. அதில் ஒரு கோடு 100 யூனிட் மருந்தை எடுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். மூன்று வேளை இப்படிப் போனபின், நெல் குதிருக்கு அடியில் பூனை நடுங்கிக்கொண்டு கிடந்தது. அந்த அம்மாள் நல்ல வேளையாகத் தேனை ஈறில் தடவி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், பிழைத்தது.

ஆகவே, 40 யூனிட் மருந்துக்குச் சிகப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. குப்பியில் அச்சிட்டிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்று ஊசி போடாதீர்கள். சரியான சிரிஞ்சு வாங்கிய பின் போடுங்கள். மாறாக, 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் பாதிக்கும் குறைவான மருந்தே போகும், நோய் கட்டுப்படாது. அரை யூனிட் கோடு உள்ள 0.3 மில்லி சிரிஞ்சு கிடைத்தால் மிகவும் நல்லது. பெரியவருடைய இன்சுலினையோ மாத்திரையையோ பூனைக்குப் பங்கு போடக் கூடாது. சிறுகுறிஞ்சான் இலை, வெந்தயம், பாகற்சாறு இவற்றை நம்பி ஊசியை நிறுத்துவதும் வேண்டாம்.

ஊசி போடுவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. பூனை தட்டில் தலையைக் கவிழ்த்துத் தின்றுகொண்டிருக்கும்போதே போட்டுவிடலாம். விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, அதன் அடிப்புறத்தில் ஊசியைச் செலுத்த வேண்டும். தோலின் மறுபக்கம் வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் தடவத் தேவையில்லை. அந்த வாடைக்கே பூனை ஓடிவிடும். தினமும் இடத்தைச் சற்று மாற்றுங்கள். மயிர் நனைந்திருந்தால் மருந்து வெளியே சிந்திவிட்டது என்று பொருள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது இரண்டாம் முறை போடவே கூடாது. தவறிய வேளைக்கு அடுத்த வேளையில் சேர்த்தும் போடக் கூடாது. ஒரு வேளை மருந்து குறைந்தால் சர்க்கரை சற்று ஏறும், அவ்வளவே. கூடினால் உயிருக்கு ஆபத்து.

நேரத்தைக் காலைப் பால் கறவையோடும் மாலைக் கறவையோடும் இணைத்துக்கொண்டால் மறக்காது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி முன்பின் ஆனாலும் பாதகமில்லை. அறுவடைக் காலத்தில் யார் போடுவது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் இருவர் கற்றுக்கொள்வது நல்லது. ஆனால் போடுபவர் உடனே நோட்டில் குறிக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு ஊசி போட்ட வீடும் உண்டு.

பூனை தீனி எடுக்காத வேளையில் நீங்களாக ஊசி போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். ஊசி போட்ட சில மணி நேரத்தில் பூனை தள்ளாடினாலும், நடுங்கினாலும், வெறித்துப் பார்த்தாலும் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். தின்னக் கூடிய நிலையில் இருந்தால் உடனே தீனி வையுங்கள். இல்லாவிடில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறின் வெளிப்புறத்தில் விரலால் தடவுங்கள். வாயில் ஊற்றினால் மூச்சுக் குழலில் இறங்கிவிடும். வலிப்பு கண்டிருந்தால் பல்லுக்கிடையில் விரலை விடாதீர்கள். தெளிந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். அடுத்த ஊசியை அவர் சொன்ன பிறகே போட வேண்டும். முன்னர் சொன்னபடி கணையம் மீண்டும் சுரக்கத் தொடங்கும்போதும் இப்படி நேரலாம். நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடுகிறது. பூனை தேறி வருகிறது என்ற மகிழ்ச்சியில் கவனம் குறைவது அப்போதுதான்!

தீனியைப் பற்றி. நம் வீடுகளில் பூனை என்றால் பால் சோறு, தயிர் சோறு. பூனை மாமிசம் தின்னும்படி படைக்கப்பட்டது. அதன் ஈரல் மாவுச்சத்தை எளிதில் கையாள்வதில்லை. சோற்றையும் பாலையும் படிப்படியாக நிறுத்தி வேகவைத்த மீன், கோழி இறைச்சி, ஈரல் சிறிதளவு, முட்டை ஆகியவற்றைக் கொடுங்கள். நான்கு கிலோ பூனைக்கு நாளைக்கு 150 முதல் 200 கிராம், இரண்டு வேளையாக. நெத்திலி, சாளை போன்ற சிறு மீன்களை மெத்தென்று முள்ளோடு வேகவைத்தால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். வெறும் கறித்துண்டு மட்டும் போட்டால் அச்சத்து போதாது. பச்சை மீன் கூடாது. கருவாடு உப்பு மிகுந்தது, தவிருங்கள். கடையில் கிடைக்கும் தீவனத்தில் மொறுமொறுப்பான உலர் தீவனத்தில் தானியம் அதிகம்; டப்பாவில் வரும் ஈரத் தீவனம் மேலானது. சைவ வீடுகளில் முட்டையாவது தர மனம் வைக்க வேண்டும். பூனைக்கு நம் விரதம் ஒத்துவராது.

இரண்டு எச்சரிக்கை. ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்குச் சோற்றைத் திடீரென நிறுத்தினால் சர்க்கரை சட்டென்று தாழும். டாக்டரிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள். பருத்த பூனையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கவும் கூடாது. ஈரலில் கொழுப்பு சேர்ந்து செத்துப்போகும்.

எலி பிடித்துத் தின்றால் தவறா என்று கேட்பீர்கள். எலியும் மாமிசம்தான், குற்றமில்லை. ஆனால் வயலில் எலி மருந்து வைத்திருக்கும் நாட்களில் பூனையை வீட்டில் அடைத்து வையுங்கள். விஷம் தின்ற எலி பூனையையும் கொல்லும்.

இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைக்கலாம். ஐஸ் உறையும் அறையில் வைத்தால் கெட்டுவிடும். பெட்டி இல்லாத வீட்டில், உபயோகத்தில் உள்ள குப்பியைப் பெரிய மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, நடுவே மூடியுள்ள சிறு மண்கலயத்தில் வைத்துக் காக்கலாம். பிரித்த கிளார்ஜின் குப்பியை இப்படி 30 டிகிரி செல்சியசுக்கு மேற்படாமல் வைத்தால் 28 நாள் தாங்கும். பிரிந்த தேதியைக் குப்பியில் எழுதி வையுங்கள். பிரிக்காத குப்பியைத் தேவைப்படும்போது மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். குப்பியைக் குலுக்க வேண்டாம். போட்ட ஊசியை எருக்குழியில் எறியாதீர்கள்; மாட்டின் குளம்பிலும் உங்கள் காலிலும் ஏறும். பழைய கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.

நோட்டில் தேதி, ஊசி போட்ட நேரம், தின்ற அளவு, குடித்த தண்ணீர் ஆகியவற்றை எழுதுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். வசதியுள்ளவர்கள் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, வீட்டிலிருக்கும் சர்க்கரை மீட்டரில் பார்க்கலாம். ஊசிக்கு முன் 150 அல்லது அதற்குக் குறைவாகக் காட்டினால் ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும். முதல் ஊசி போட்டு ஒரு வாரத்தில் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். தண்ணீர் குறைகிறதா, எடை கூடுகிறதா என்பதை வைத்து அவர் அளவை அரை யூனிட்டாக ஏற்றுவார் அல்லது இறக்குவார். நீங்களாக மாற்ற வேண்டாம்.

பூனை தீனி எடுக்காமல், வாந்தி எடுத்து, சுருண்டு படுத்து, வாயில் நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடை வீசினால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டதன் அறிகுறி அது. குளுக்கோஸ் தண்ணீரும் தேனும் அப்போது உதவா. நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். இரவானாலும் மருத்துவ வசதி உள்ள இடத்துக்கு நோட்டையும் மருந்துக் குப்பியையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.