பனிக்கட்டியில் ஒரு துளை

குளிர்காலத்தில் பின்லாந்து நாட்டு ஏரிகள் மேற்பரப்பில் உறைந்துவிடுகின்றன. சுமார் 4 டிகிரி சென்டிகிரேட் வெப்பமுள்ள நீர், அடர்த்தி மிகுந்ததாகையால், அடியில் தங்குகிறது. மீன்கள் அங்கே வாழ்கின்றன.

மீன் பிடிப்போர் பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டிலிடுகின்றனர். ஆனால், குளிர்காற்றுப் பட்டதும் துளை மீண்டும் மூடத் தொடங்குகிறது. விட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே துளைகளுள்ள கரண்டியால் பனிப்படலத்தை அடிக்கடி அரித்தெடுக்கின்றனர். இரவில் துளையின்மீது பலகையிட்டு, வெண்பனியை அதன்மேல் குவித்துவைக்கின்றனர்.

குளிரைத் தடுக்கப் பனியா என்று நானும் முதலில் ஐயுற்றேன். வெண்பனியின் இடுக்குகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. கம்பளியைப்போல அது வெப்பத்தைத் தருவதில்லை, இருப்பதைக் காக்கிறது. அதனால் துளை உறைவது தாமதமாகிறது. காலையில் மெல்லிய படலத்தை உடைத்தால் போதும்.

ஏரிமேல் உறைந்த பனிக்கட்டியே மீன்களுக்குப் போர்வை. அதைத் துளைத்தவன், தன் துளைக்கும் ஒரு போர்வையிட வேண்டியவனாகிறான்.